எட்டு மடங்கு உண்மை

போன சித்திரையில் ஒரு சனிக்கிழமை இரவு, கொக்குவிலில் எங்கள் வீட்டு முன்விறாந்தையில் நுளம்புத்திரி புகைந்துகொண்டிருக்க, என் ஃபோனில் ஓடிய போக்கர் மேசையில் ஏஸ் சோடி வந்து விழுந்தது, அந்த ஆட்டத்தில் கையில் வரக்கூடிய ஆகப் பெரிய சோடி. ஒன்று ஸ்கோப்பன், மற்றது ஆடுதன். (ஸ்பேட், ஹார்ட்ஸ் என்றுதான் இப்போது பெடியள் சொல்கிறார்கள். அப்பா காலத்துக் கடதாசிக் கட்டில் ஒல்லாந்தர் விட்டுப்போன பெயர்கள்தான் இருந்தன. எனக்கு இன்னும் அவைதான் வாயில் வரும்.) ஆறு பேர் மேசை. பிளைண்ட் (தாள் பார்க்கமுன்னமே இருவர் கட்டாயம் வைக்கவேண்டிய தொகை) 10, 20. ஆளுக்கு ஏறக்குறைய 2000 சிப். எனக்கு முன்னால் இருந்த இருவரும் மடித்துவிட்டார்கள். நான் 160 போட்டேன், பெரிய பிளைண்டைப்போல எட்டு மடங்கு. எனக்குப் பின்னால் இருந்த மூவரும், செத்தவீடு முடிந்து வாடகைக் கதிரை மடிப்பதுபோல, டக், டக், டக் என்று மடித்தார்கள். நடுவில் கிடந்த பிளைண்ட் 30 சிப்பும் என் பக்கம் வழுகி வந்தது.

52 தாளில் இரண்டு தாளை 1326 விதமாக எடுக்கலாம். அதில் ஏஸ் சோடி 6 விதம். 221 கைக்கு ஒருமுறை. நான் உயர்தரப் பிள்ளைகளுக்கு இணைந்த கணிதம் ரியூசன் கொடுக்கிறவன். இந்தக் கணக்கை நித்திரையில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். எங்கள் மேசையில் ஊர்க்கதை, பேரப்பிள்ளைக் கதை எல்லாம் கதைத்து ஒரு மணித்தியாலத்துக்கு ஐம்பது கை போனாலே பெரிய காரியம். ஆக, நாலு மணித்தியாலத்துக்கு மேலே காத்திருந்து வருகிற விருந்தாளி அது. வந்த விருந்தாளிக்கு வெறும் பிளேன்ரீ ஊற்றிக் கொடுத்து அனுப்பிவிட்டேன்.

திரையின் ஓரத்தில் ஒரு வரி விழுந்தது. ரொரன்ரோ மாமி.

"தம்பிக்கு ஏஸ் வந்திட்டுது போல."

மேசை வந்த வழி

2020 மார்ச் 20 மாலை ஊரடங்கு போட்டார்கள். ரியூசன் பூட்டு. வாங்கும் மேசையும் தூசி பிடித்துக் கிடந்தன. பிறகு ஸூமில் படிப்பிக்கத் தொடங்கினோம், அது வேறு கதை. அந்த நாட்களில்தான் லண்டன் மச்சான் இணையத்தில் ஒரு தனிப்பட்ட மேசை திறந்து குடும்பத்துக்கு இணைப்பு அனுப்பினான். எங்கள் ஊர்க் கடதாசி ஆட்டமான 304 தான் ஆட நினைத்தோம். எல்லோருடைய ஃபோனிலும் ஒழுங்காக ஓடுகிற ஆப் ஒன்று அகப்படாததால் போக்கர் என்று முடிவானது. இங்கே இரவு எட்டரை என்றால் பாரிஸில் பின்னேரம் ஐந்து, லண்டனில் நாலு, ரொரன்ரோவில் காலை பதினொன்று. மாமி சோற்றுக்கு உலை வைத்துவிட்டு வந்து குந்துவார். பாரிஸில் சித்தியின் மகன், வெள்ளவத்தையில் அத்தான், மாமியின் பக்கத்து வீட்டு அன்ரி ஒருவர். ஆறு பேர்.

காசு இல்லை. காசு வைத்து ஆடுகிற ஆட்களைப் பற்றி எனக்கு அபிப்பிராயம் உண்டு, அதை இன்னொரு நாள் எழுதுகிறேன். எங்கள் பந்தயம் இவ்வளவுதான்: மாதக் கடைசியில் ஆகக் குறைந்த சிப்போடு நிற்பவர், ஊர் வாசிகசாலைக்கு அந்த மாதப் பத்திரிகைக் காசைக் கட்டவேண்டும். முதல் வருடத்தில் வாசிகசாலைக்குப் பெரும்பாலும் என் பணத்தில்தான் பத்திரிகை வந்தது. கணித மாஸ்டர்!

ஆரம்பத்தில் நான் எட்டு மடங்கு போடுகிறவன் இல்லை. நேர்மாறு. முதல் மாதத்தில் ஒருநாள் ஏஸ் சோடி வந்தபோது, நெஞ்சு அடிக்கிற சத்தம் ரொரன்ரோவரை கேட்டுவிடும் என்று பயந்து, ஒன்றும் தெரியாதவன்போல 20 மட்டும் வைத்துவிட்டு இருந்தேன். பொறி வைக்கிறேன் என்று நினைப்பு. பாரிஸ்காரன் 20 வைத்தான். அன்ரி வைத்தார். சின்னப் பிளைண்ட் மிச்சம் 10ஐ வைத்தது. பெரிய பிளைண்டில் இருந்த வெள்ளவத்தை அத்தான் ஒரு சதமும் மேலே போடாமல் தட்டிவிட்டார். ஐந்து பேர், பொட்டில் (எல்லோரும் போட்டு நடுவில் சேர்ந்த தொகையில்) 100. ஃப்ளொப்பில், அதாவது எல்லோருக்கும் பொதுவாக மேசையில் விரிக்கிற முதல் மூன்று தாளில், ஒன்பது, ஏழு, ஆறு. நான் 60 போட்டேன், அத்தான் 200 என்றார், நான் 600 என்றேன், அவர் எல்லாவற்றையும் உள்ளே தள்ளினார். கையில் ஏஸ் சோடியை வைத்துக்கொண்டு மடிக்க எனக்கு மனம் வருமா? அவர் காட்டியது எட்டும் ஐந்தும், மேசைத் தாளோடு சேர்ந்தால் ஐந்திலிருந்து ஒன்பதுவரை ஒரே வரிசை, ஏஸ் சோடியை அடிக்கிற வரிசை. பிளைண்டில் இருந்தபடியால் ஓசியில் ஃப்ளொப் பார்த்த எட்டும் ஐந்தும். முழு 2000மும் போனது. அத்தான் ஒரு சிரிக்கிற முகம் அனுப்பினார், பிறகு இன்னொன்று.

அன்று இரவு படுக்கையில் கிடந்து கணக்குப் போட்டேன். ஏஸ் சோடி ஒரேயொரு தெரியாத கைக்கு எதிரே நின்றால் 85 வீதம் வெல்லும். நாலு பேருக்கு எதிரே 56 வீதம்தான். ஆகவே ஆட்களைக் கலைக்கவேண்டும், நிறையப் போடவேண்டும் என்று முடிவெடுத்தேன். சூடு கண்ட பூனை அடுப்பங்கரை சேராது என்பார்களே, அந்தப் பூனை நான்தான். அடுத்த ஏஸிலிருந்து 160.

இப்போது பார்த்தால், அந்த இரவு போட்ட கணக்கில் பாதிதான் சரி. ஐந்து பேர் ஆளுக்கு ஒரு பங்கு போட்ட பொட்டில் 56 வீதம் என்றால் என் பக்கம் வருவது 2.8 பங்கு. இரண்டு பேர் பொட்டில் 85 வீதம் என்றால் 1.7 பங்கு. அதாவது, தாள் எல்லாம் விழுந்து முடியும்வரை யாரும் வேறு ஒன்றும் போடமாட்டார்கள் என்றால், கூட்டம் கூடினால் ஏஸுக்கு லாபமே. அன்றைக்கு என்னைக் கொன்றது கூட்டம் என்று சொல்லமுடியாது. 100 சிப் கிடந்த இடத்தில், எதிரே யார் எதை வைத்திருக்கிறார்கள் என்று ஒரு துரும்பளவும் தெரியாமல், 1980 சிப்பைக் கொண்டுபோய்க் கொட்டியதுதான் கொன்றது. ஃப்ளொப்புக்கு முன்னால் நான் ஒன்றும் கேட்கவில்லை, அதனால் யாரும் எனக்கு ஒன்றும் சொல்லவில்லை. எட்டும் ஐந்தும் வைத்திருந்த மனிசனிடம் "இதுக்கு ஒரு விலை இருக்கு, தருவியளோ?" என்றுகூடக் கேட்கவில்லை. ஆனால் பயந்தவனுக்குப் பாதிக் கணக்கே போதுமாக இருந்தது.

304 சொல்லித் தந்தது

யாழ்ப்பாணத்தில் பிறந்து 304 தெரியாதவர்கள் குறைவு. வாசிகசாலை விறாந்தையில், மதவடியில், செத்தவீட்டு இரவுகளில் பந்தலுக்குக் கீழே. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் மின்சாரம் இல்லாத காலத்தில் அப்பாவும் கூட்டாளிகளும் ஜாம் போத்தல் விளக்குக்குக் கிட்டக் குனிந்திருந்து ஆடியதைப் பார்த்துத்தான் நான் பழகினேன். ஜாக் 30, ஒன்பது 20, ஏஸ் 11, பத்து 10, ராசா 3, ராணி 2. எட்டும் ஏழும் சும்மா. ஒரு இனத்துக்கு 76, நாலு இனத்துக்கும் சேர்த்து 304. அந்தக் கணக்கில் வளர்ந்தவனுக்குப் போக்கரில் ஏஸ் பெரிசு என்பதே முதலில் வாயில் ஒட்டாது. ஜாக் சோடி வந்தால் இன்றைக்கும் எனக்குள் ஒருத்தன் எழும்பி நிற்கிறான். போக்கரில் அந்தச் சோடி எத்தனை பேரின் குடியைக் கெடுத்திருக்கிறது என்று தெரிந்தும் நிற்கிறான்.

கொஞ்சம் யோசித்தால் இரண்டு ஆட்டமும் ஒரே வாசலால்தான் உள்ளே போகின்றன. 304இல் முதலில் நாலு தாள். அந்த நாலை மட்டும் பார்த்துவிட்டு, இத்தனை புள்ளி எடுப்போம் என்று 160இலிருந்து கேட்கத் தொடங்கவேண்டும். மிச்ச நாலு தாள் பிறகுதான் வரும். போக்கரில் முதலில் இரண்டு தாள், அதைப் பார்த்துவிட்டு ஒரு தொகை. மேசைத் தாள்கள் பிறகு. பாதி தெரியும், பாதி தெரியாது, ஆனால் வாயைத் திறந்து ஒரு எண்ணைச் சொல்லத்தான் வேண்டும். என் கையில் வந்த எட்டு மடங்கும் 160 என்ற எண்ணும், அப்பாவின் கேள்வி தொடங்குகிற 160ம் ஒன்றாய் இருந்தது தற்செயல்தான். இருந்தாலும் சிரிப்பு வருகிறது.

வித்தியாசம் எங்கே என்றால், 304இல் எனக்கு எதிரே ஒரு பாட்னர் இருக்கிறார். என் கேள்வி எதிராளிக்கு மட்டும் போகவில்லை, அவருக்கும் போகிறது. கையில் ஜாக்கும் ஒன்பதும் வைத்துக்கொண்டு நான் பேசாமல் விட்டால், அப்பா ஆட்டம் முடிந்ததும் விளக்கைத் தூக்கி என் முகத்துக்கு நேரே பிடிப்பார். "கையிலை இருந்தால் கேக்கவேணும். கேக்காட்டி எனக்கு எப்பிடித் தெரியும்?" கை பலமென்றால் கேள்வி பெரிசு. கை மெலிவென்றால் பேசாமல் விடு. கண்ணால் காட்டினால், இருமினால், அது அலாப்பல், கள்ள ஆட்டம். ஆனால் கேள்வியால் சொல்வது முறை. பத்து வயதிலிருந்து என் வாய்க்குப் பழக்கிய ஒழுக்கம் இது. எண் என்றால் அது உண்மை பேசவேண்டும்.

போக்கர் மேசையில் எனக்குப் பாட்னர் இல்லை. நான் 160 என்று உண்மை பேசினேன். கேட்டுக்கொண்டிருந்த ஐந்து பேரும் எதிராளிகள்.

பத்துச் சோடி

அந்த இரவுக்கு வருகிறேன். "தம்பிக்கு ஏஸ் வந்திட்டுது போல" என்று மாமி எழுதினார். நான், வழக்கமாக எல்லோரும் சொல்கிற பொய்யைச் சொன்னேன்.

"இல்லை மாமி, பத்துச் சோடி."

பதில் வரக் கொஞ்சம் நேரம் எடுத்தது. மாமி ஒற்றை விரலால் எழுதுகிறவர்.

"பத்துச் சோடிக்கு நீ நூறெல்லோ போடுறனீ."

அடுத்த கை போய்க்கொண்டிருந்தது. நான் என்ன தாள் வந்தது என்று பார்க்காமலே மடித்துவிட்டேன். மாமி விடவில்லை. "ஏஸ், ராசா எண்டால் நூற்றறுபது. ராணி, ஜாக், பத்து எண்டால் நூறு. மிச்சத்துக்கு அம்பது. அன்ரிக்கும் தெரியும். கேட்டுப் பார்." கேட்காமலே அன்ரி ஒரு பெருவிரலை அனுப்பினார். வெள்ளவத்தை அத்தானின் சிரிக்கிற முகம், வேறென்ன.

இந்த மாமி ஊரில் இருந்த காலத்தில் சங்கக்கடையில் வேலை செய்தவர். சீனி, பருப்பு, மண்ணெண்ணெய் எல்லாம் கூப்பனுக்கு நிறுத்துக் கொடுத்தவர். தராசுத் தட்டைப் பார்க்கமுன்னமே, வந்து நிற்கிற ஆளின் பையின் அளவைப் பார்த்து அந்த வீட்டில் எத்தனை பேர் என்று சொல்லிவிடுவார் என்று அம்மா சொல்வா. போக்கர் என்ற சொல்லை அறுபத்தைந்து வயதுக்குப் பிறகு முதன்முதலாகக் கேட்ட மனிசி. புத்தகம் ஒன்றும் படிக்கவில்லை, காணொளி ஒன்றும் பார்க்கவில்லை. மூன்று வருடமாக என் எண்களை மட்டும் பார்த்திருக்கிறார்.

மேசை கலைந்த பிறகு பழைய கைகளைத் திறந்து பார்த்தேன். அந்த ஆப் ஆடிய கைகளைச் சேர்த்து வைக்கும். கொப்பியில் மூன்று நிரல் போட்டு எழுதினேன், பிள்ளைகளுக்குச் செய்யச் சொல்வதுபோல. என் தாள், நான் போட்ட தொகை, எத்தனை பேர் வந்தார்கள். பன்னிரண்டரை மணிவரை இருந்தேன். மாமி சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. ஒரேயொரு தரம் ராணி சோடிக்கு 120 போட்டிருந்தேன், அன்றைக்குக் காய்ச்சல். 160 போட்ட இடங்களில் மூன்றாம் நிரல் கிட்டத்தட்ட முழுக்கப் பூச்சியம். ஒருவர் வந்த இரண்டு இடத்திலும் வந்தவர் அன்ரி. 50 போட்ட இடங்களிலோ ஆட்கள் துணிந்து என்மேல் ஏறியிருக்கிறார்கள், ஏனென்றால் அங்கே பெரிய தாள் இருக்கவே இருக்காது என்பது ஊரறிந்த விசயம். ஏஸில் இழந்தது மட்டுமல்ல. ஏஸ் இல்லாத 220 கையிலும் நான் அம்மணமாக நின்றிருக்கிறேன். இதை நான் அதுவரை யோசிக்கவேயில்லை. பெரிய கையின் தொகையைப் பற்றித்தான் மூளையைக் கசக்கிக்கொண்டிருந்தேனே தவிர, அந்தத் தொகை மற்றக் கைகளைக் காட்டிக்கொடுக்கும் என்று தோன்றவில்லை.

நித்திரை வரவில்லை. வெட்கம் ஒரு பக்கம். மறுபக்கம், என்ன சொல்வது, ஒரு சந்தோசமும் இருந்தது. மூன்று வருடமாக ஒரு மனிசி ரொரன்ரோவில் சோற்றுப்பானையைப் பார்த்தபடி என்னை இவ்வளவு கவனமாகப் பார்த்திருக்கிறாரே.

என்ன விலை சொல்வது

சரி, அப்படியென்றால் எவ்வளவு போடவேண்டும்? அடுத்த கிழமை முழுக்க இதுதான் மண்டைக்குள். பெரிய பிளைண்டில் இருக்கிற ஆளின் கதிரையில் போய் இருந்து பார்த்தேன். அவர் ஏற்கெனவே 20 வைத்துவிட்டார். நான் 40 என்று சொன்னால் (குறைந்த அளவு அதுதான்) அவர் இன்னும் 20 போட்டு 70 உள்ள பொட்டுக்குப் போட்டியிடலாம். 22 வீதம் (90இல் 20) வெல்லக்கூடிய கை இருந்தாலே அவருக்கு முதல் வந்துவிடும். ஒரே இனத்தில் ஏழும் ஆறும் வைத்திருப்பவர் ஏஸ் சோடிக்கு எதிரே ஏறக்குறைய அவ்வளவு வெல்வார். ஆக 40 என்பது ஏஸை வைத்துக்கொண்டு ஆக்களுக்கு அடக்கவிலையில் சாமான் கொடுப்பது. 60 என்றால் அவர் 40 போடவேண்டும், பொட்டில் 90. 31 வீதம் தேவை. இப்போது ஏழும் ஆறும் நட்டத்தில்தான் உள்ளே வரும். ஆனால் வரும்! வராமல் விடுகிற அளவுக்கு அது பெரிய விலை இல்லை. 160 என்றால் அவர் 140 போடவேண்டும், 190க்காக. 42 வீதம். அந்த விலைக்கு ஏழும் ஆறும் வராது, ஏஸும் பத்தும் வராது, ராசாவும் ஜாக்கும் வராது. ராசா சோடி வரும், ராணி சோடி யோசித்துவிட்டு வரும்.

திருநெல்வேலிச் சந்தையில் முருங்கைக்காய் விற்கிற ஆச்சிக்கு இது தெரியும். வாங்க வந்தவர் முகத்தைச் சுளிக்கவேண்டும், ஆனால் திரும்பிப் போகக்கூடாது. அந்த இடைவெளிக்குள்தான் வியாபாரம் இருக்கிறது.

இதில் இன்னொரு சிக்கல் உண்டு. சின்னச் சோடிகள். நாலுச் சோடி, ஐந்துச் சோடி வைத்திருப்பவருக்கு ஃப்ளொப்பில் அதே எண்ணில் மூன்றாவது தாள் விழுவது 12 வீதம் அளவு, எட்டரைக்கு ஒருமுறை. என் 60க்கு அவர் வந்தால், விழும் அன்றைக்கு என்னுடைய மிச்ச 1940ஐயும் உருவிவிடலாம் என்ற நம்பிக்கையில் வருகிறார். 60க்கு 1940 என்றால் 32 மடங்கு, நல்ல பேரம். 160க்கு வந்தால் அந்தப் பேரம் 11 மடங்கு சொச்சத்துக்கு இறங்கிவிடும். எனவே பெரிய தொகை முட்டாள்தனம் என்று ஒரேயடியாகச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதுமட்டுமல்ல, 160க்கு ஒருவர் வந்துவிட்டால் பொட் 330. அதன்பிறகு ஒவ்வொரு தரமும் பொட்டில் மூன்றில் இரண்டு பங்கு போட்டுக்கொண்டு போனாலே ரிவருக்குள் (ஐந்தாவது, கடைசி மேசைத் தாளுக்குள்) 2000மும் உள்ளே போய்விடும். 60க்கு வந்தால் பொட் 130தான். அதே மாதிரிப் போட்டால் கடைசியில் கையில் 1177 மிஞ்சிக் கிடக்கும். எட்டு மடங்குக்கு ஆள் வருமென்றால் எட்டு மடங்கைப்போல இனிப்பு வேறில்லை. ஆள் வரவேண்டுமே.

பாரிஸ்காரன் இந்தக் கட்சி. "அன்ரி எதுக்கும் வருவா அண்ணை. அவ பிளைண்டில இருந்தால் எட்டு என்ன, பன்னிரண்டு போடுங்கோ. மாமி இருந்தால் ரெண்டரை போடுங்கோ. ஆளுக்கு ஏத்த விலை." லண்டன் மச்சான் கணினிக் கட்சி. ஏஸுக்கும் சரி, ஒரே இனத்து ஏழு ஆறுக்கும் சரி, ஒரே இடத்திலிருந்து ஒரே தொகை. தொகையைப் பார்த்து எவனும் ஒன்றும் படிக்கக்கூடாது. அவன் எப்போதும் இழுக்கிற உதாரணம், 2017 ஜனவரியில் பிட்ஸ்பேர்க்கில் நாலு தொழில்முறை ஆட்டக்காரரை 120,000 கையில் அடித்து வீழ்த்திய லிப்ராட்டஸ் என்ற கணினி நிரல். துவோமாஸ் சாண்ட்ஹோமும் நோம் பிரவுணும் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் எழுதியது. மனிதர்கள் சாதாரணமாகப் போடாத தொகையெல்லாம் போட்டது, சிலவேளை பொட்டைப்போலப் பல மடங்கு. எனக்கு அந்தக் கதையில் பிடித்தது வேறொன்று. அந்த நாலு பேரும் பகலில் வித்தியாசமான தொகைகளைப் போட்டுப் போட்டு அதில் ஓட்டை தேடினார்கள். அது, அவர்கள் எந்தத் தொகைகளால் தன்னைச் சோதித்தார்கள் என்று பார்த்து, இரவோடு இரவாக அந்த ஓட்டைகளை அடைத்துக்கொண்டு காலையில் வந்து உட்கார்ந்தது. நான் மூன்று வருடமாக ஒரே ஓட்டையோடு வந்து உட்கார்ந்தவன்.

இருவரும் சொல்வது சரி என்பதுதான் என்னைக் குழப்பியது. யாரும் யாரையும் கவனிக்காத மேசை என்றால் பாரிஸ்காரன் பக்கம்தான் நிற்பேன். முன்பின் தெரியாத ஆட்கள், இன்றைக்கு வந்து நாளைக்குப் போகிறவர்கள், கையில் எது இருந்தாலும் ஃப்ளொப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள். அங்கே பெரிய கைக்குப் பெரிய தொகை, யோசிக்க ஒன்றுமில்லை. ஆனால் எங்கள் மேசையில் இருப்பவர்கள் நான் காற்சட்டை போட்ட காலத்திலிருந்து என்னைப் பார்த்துக்கொண்டிருப்பவர்கள். நான் பொய் சொன்னால் இடது காதைச் சொறிவேன் என்று அறிந்தவர்கள். (கமரா பூட்டித்தான் ஆடுகிறேன்.) ஆகவே மச்சான் சொன்ன வழிக்கு வந்தேன். யாரும் உள்ளே வரமுன்னம் நான் திறந்தால் 60. முன்னால் ஒருவர் 20 வைத்திருந்தால் அதற்கு இன்னொரு 20 கூட்டி 80. எந்தக் கையானாலும். அன்ரி பெரிய பிளைண்டில் இருக்கும் நாட்களில் மட்டும் கை அரிக்கும், சிலநாள் சொறிந்துவிடுவேன்.

சொல்வது சுலபம். முதல் மாதத்தில் ராசா சோடிக்கு 60 போட்டபோது வயிறு எரிந்தது. ஏழும் ஆறும் வைத்து 60 போட்டபோது அதைவிடக் கூட எரிந்தது, ஏதோ வாசிகசாலைக் காசைக் களவெடுத்ததுபோல. "கையிலை இல்லாமல் ஏன் கேட்டனீ?" என்று ஜாம் போத்தல் விளக்கு முகத்துக்கு நேரே வருகிறது. அப்பா போய்ப் பதினொரு வருடமாகிறது.

304இலும் ஒளிப்பதற்கு ஒன்று இருக்கிறது என்பது பிறகுதான் ஞாபகம் வந்தது. கேள்வி எடுத்தவர் துரும்பை, மற்ற இனங்களை வெட்டுகிற இனத்தின் தாளை, கவிழ்த்து வைப்பார். எவ்வளவு பலம் என்று ஊருக்கே சொல்லியாயிற்று, எந்த இனத்தில் என்று மட்டும் சொல்வதில்லை. யாராவது வெட்டி, அதைத் திறக்கும்வரை அது பாட்னருக்கும் தெரியாது. அப்பா துரும்பை வைத்துவிட்டு அதன் பக்கம் திரும்பியே பார்க்கமாட்டார். நான் வைத்தால் அடிக்கடி அதையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

போன கார்த்திகை

மழை பிடித்த ஒரு சனிக்கிழமை. மீண்டும் ஏஸ் சோடி. முன்னால் இருந்தவர்கள் மடித்தார்கள். ஒவ்வொருவருக்கும் முப்பது செக்கன், பெயருக்குக் கீழே ஒரு பச்சைக் கோடு தேய்ந்துகொண்டு போகும். என் கோடு தேயத் தொடங்கியது. விரல் தானாக 160 பக்கம் போனது. இழுத்துக்கொண்டு வந்து 60இல் விட்டேன். மாமி பெரிய பிளைண்டில் இருந்தார். வந்தார். பொட் 130.

ஃப்ளொப்பில் ராசா, எட்டு, மூன்று. எல்லாம் வேறு வேறு இனம். எதிராளிக்கு வரிசையோ ஒரே இனமோ முளைக்க இதைவிட வறண்ட நிலம் கிடையாது. மாமி தட்டிவிட்டார். மூன்றில் இரண்டு பங்கு, 87. மாமி வந்தார். திரையின் நடுவில் பொட் எவ்வளவு என்று எழுதியிருந்ததைப் பார்த்துச் சத்தமாகச் சிரித்துவிட்டேன், உள்ளே படித்துக்கொண்டிருந்த மகள் எட்டிப் பார்த்தாள். 304. 130உம் 87உம் 87உம் என்றால் வேறென்ன வரும், கணக்கு அது. இருந்தாலும் படம் எடுத்துக் குடும்பக் குழுவில் போடவேண்டும்போல இருந்தது. ஆட்டத்தின் நடுவில் போட்டால் அலாப்பல். அடக்கிக்கொண்டேன்.

டேர்னில், நாலாவது மேசைத் தாளாக, ஒரு ஐந்து. மாமி தட்டினார். நான் 203. இப்போது மாமியின் பச்சைக் கோடு தேய்ந்தது. பாதி தேய்ந்தது. ரொரன்ரோவில் உலை கொதித்து வழிகிறதோ என்னவோ என்று நினைத்தேன். கோடு சிவப்பாக மாறிய பிறகு மாமி மடித்தார். 304 சிப் என் பக்கம் வந்தது. 30 இல்லை, 304. எனக்கு அதுவே போதும் என்றிருக்க, ஓரத்தில் எழுத்து விழத் தொடங்கியது.

"ராசாவும் ராணியும் வைச்சுக்கொண்டெல்லோ மடிச்சனான்."

"ஏன் மாமி? நான் எல்லாத்துக்கும் அறுபதுதானே போடுறன் இப்ப."

"ஓம். தொகை வலு சரி." ஒற்றை விரல். காத்திருந்தேன். மழை தகரத்தில் விழுகிற சத்தம். "ஆனா மற்ற நேரம் நீ மூண்டு எண்ண முன்னம் அறுபதைப் போட்டிடுவாய். உந்த அறுபதுக்குப் பச்சைக் கோடு பாதி தேய்ஞ்சது."

நான் பதில் எழுதவில்லை. அத்தானின் சிரிக்கிற முகம் வந்தது. அதற்குள் அடுத்த கை வந்துவிட்டது. ஏழும் இரண்டும், வேறு வேறு இனம். ஃபோனை மடியில் வைத்துவிட்டு, பச்சைக் கோட்டைப் பார்த்தபடி, பதினைந்து வரை எண்ணிவிட்டு மடித்தேன்.